ஒரு எட்டு: ஆலோசனை அறைக்கு ஒரு கேம் செய்த அனுபவம்

"முதலாண்டுப் பிள்ளைகளுக்கு நலச் சேவைகளை அறிமுகப்படுத்த ஆப் மாதிரி ஏதாவது செய்து கொடுங்கள்" என்று கல்லூரி நிர்வாகம் கேட்டது. நாகர்கோவிலுக்கு அருகே ஒரு கல்லூரியில் கணினி ஆய்வகத்தைப் பார்த்துக்கொள்கிறேன். ப்ரொஜெக்டர் எரியவில்லை என்றாலும் இணையதளத்தில் படம் ஏறவில்லை என்றாலும் என்னைத்தான் கூப்பிடுவார்கள். இதுவும் அந்த வரிசையில் வந்து சேர்ந்தது.

2025 ஜூலையில் உச்ச நீதிமன்றம் மாணவர்களின் மனநலம் குறித்துச் சில வழிகாட்டு நெறிகளை வகுத்தது. 100 அல்லது அதற்கு மேற்பட்ட மாணவர்கள் படிக்கும் நிறுவனம் தகுதியுள்ள ஆலோசகர், உளவியலாளர் அல்லது சமூகப் பணியாளர் ஒருவரையாவது அமர்த்த வேண்டும். டெலி மானஸ் (அரசின் மனநலத் தொலைபேசிச் சேவை, 14416) முதலிய உதவி எண்களை விடுதியிலும் வகுப்பறையிலும் பெரிய எழுத்தில் வைக்க வேண்டும் என்பவை அவற்றில் உண்டு. எங்களிடம் ஆலோசகர் முன்பே இருந்தார். பலகையும் வந்துவிட்டது. ஆலோசனை அறை, முதலுதவி அறை, உள் புகார்க் குழு, ராகிங் தடுப்புக் குழு, உதவித்தொகைப் பிரிவு, கடைசி வரியில் 14416. கேன்டீனுக்குப் போகிறவர்கள் எல்லோரும் அந்தப் பலகையைக் கடந்துதான் போகிறார்கள். ஆனாலும் ஆலோசகர் அறைக்குத் தானாக வருபவர்கள் அபூர்வம். வந்தவர்களில் பெரும்பாலோர் வகுப்பாசிரியர் பிடித்து அனுப்பியவர்கள்.

முதலில் வந்த யோசனைகள் இரண்டு. ஒன்று வினாடி வினா: ஆலோசகர் அறை எந்த மாடியில் இருக்கிறது, சரியான விடைக்கு 10 புள்ளி. இன்னொன்று பரமபதம்: கவலை என்றால் பாம்பு, ஆலோசகர் என்றால் ஏணி. அரங்கத்தில் பெரிய ஃப்ளெக்ஸ் விரித்து மாணவர்களையே காயாக நிறுத்தலாம், படமும் நன்றாக வரும் என்றார்கள். இரண்டும் வேண்டாம் என்றேன். பரமபதத்தில் தாயக்கட்டை சொல்வதுதான் நடக்கும். ஆடுபவர் எதையும் தீர்மானிப்பதில்லை. உதவி கேட்பதோ முழுக்க முழுக்க ஒருவர் தானே எடுக்கும் முடிவு, அதுவும் பல நாள் தள்ளிப்போட்டு எடுக்கும் முடிவு. தவிர, பாம்பு கடித்தது என்று ஒரு பிள்ளையைச் சக மாணவர்கள் முன்னால் கீழே இறக்கி விட்டு நலச் சேவையை அறிமுகப்படுத்துவதாகச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. வினாடி வினா, ஊருக்கு வழி கேட்டவனிடம் ஊரின் பெயரை எழுதிக் காட்டுகிற வேலை.

ஒரு முதலாண்டு வகுப்பில் பெயர் எழுதாத துண்டுத்தாள்களை வாங்கினோம். கேள்வி ஒன்றுதான்: ஆலோசனை அறைக்குப் போவதற்கு முன்னால் உனக்கு என்ன தெரிய வேண்டும்? வந்தவற்றைப் பிரித்து மேசையில் பரப்பியபோது ஆலோசகர் அதிகம் பேசவில்லை. வீட்டுக்குப் போன் போடுவார்களா? டி.சி.யில் எழுதுவார்களா? அழுதுவிட்டால் என்ன செய்வார்கள்? பேச ஒன்றும் வராவிட்டால் திட்டுவார்களா? பையன்கள் போகலாமா? ஒரு முறை போனால் வாரம் தவறாமல் போக வேண்டுமா? யார் அனுப்பினார்கள் என்று கேட்பார்களா? அறை எங்கே இருக்கிறது என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை. எல்லோருக்கும் அறை தெரியும். கதவைத் திறந்த பிறகு என்ன நடக்கும் என்பதுதான் தெரியாது.

ஆகவே கேம் அந்தக் கதவைப் பற்றியும் அதற்குப் பின்னால் வரும் முதல் பத்து நிமிடத்தைப் பற்றியும் இருக்கட்டும் என்று முடிவானது. புள்ளி இல்லை, வெற்றி தோல்வி இல்லை. ஒரு பாத்திரத்தை எடுத்துக்கொண்டு, அவர் போகிறாரா, யாரிடம் போகிறார், என்ன சொல்கிறார் என்று நாமே தேர்ந்தெடுத்துப் போகும் கதை. பெயர் வைத்தது எங்கள் குழுவில் இருந்த தமிழ்த் துறை மாணவி: 'ஒரு எட்டு'. ஒரு எட்டு போய்ப் பார்த்துவிட்டு வா என்போமே, அந்த எட்டு.

கருவியைத் தேர்ந்தெடுப்பதில் தமிழ்தான் தீர்ப்பு சொன்னது. ஆய்வகக் கணினிகளில் இருந்த ஓர் இலவச கேம் எஞ்சினின் (கேம் உருவாக்கும் மென்பொருள்) பழைய பதிப்பில் 'கொஞ்சம்' என்று எழுதினால் ஒற்றைக்கொம்பு தன் இடத்தை விட்டுத் தனியே போய் நின்றது. தமிழில் எழுத்தைச் சேமிக்கும் வரிசை வேறு, திரையில் தெரிய வேண்டிய வரிசை வேறு. மெய்க்குப் பின்னால் சேமிக்கப்படும் கொம்பை முன்னால் கொண்டுவந்து வரைய ஹார்ஃப்பஸ் போன்ற எழுத்தமைப்பு நிரல் தொகுப்பு வேண்டும். கோடோட் எஞ்சினின் 4-ஆம் பதிப்பில் (2023) அது இருக்கிறது. ஆனால் ஆய்வகத்தின் பழைய கணினிகளில் அதை ஓட்டுவதற்குப் பொறுமை வேண்டும். உலாவிகளில் இந்தத் தொல்லையே இல்லை. எனவே ட்வைன். கிளைக்கதைகள் செய்ய கிரிஸ் கிளிமாஸ் 2009-இல் வெளியிட்ட இலவசக் கருவி. ஒவ்வொரு காட்சியையும் ஒரு பெட்டியாக எழுதி, இரட்டைச் சதுர அடைப்புக்குறிக்குள் அடுத்த பெட்டியின் பெயரைப் போட்டால் இணைப்பு வந்துவிடும். பெட்டியின் பெயரைத் தமிழிலேயே வைக்கலாம். முடிவில் எல்லாம் சேர்ந்து ஒரே எச்.டி.எம்.எல். கோப்பாக வெளியே வரும். நிரல் தெரியாத தமிழ்த் துறை மாணவி அன்று மாலைக்குள் கிளைக்கதை எழுதத் தொடங்கிவிட்டார்.

ஆய்வகத்தில் இதைச் செய்ய நினைப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ட்வைனின் இணையப் பதிப்பு கதையை உலாவியின் உள்ளூர் சேமிப்பில்தான் வைத்திருக்கிறது. அணைத்துப் போட்டால் பழைய நிலைக்குத் திரும்பும் மென்பொருள் உள்ள கணினிகளில் மறுநாள் காலை கதை இருக்காது. கணினியில் நிறுவும் பதிப்பை எடுத்துக்கொண்டு, நாள்தோறும் ஒரு நகலைப் பென் டிரைவில் போட்டுக்கொண்டோம். எழுத்துரு நோட்டோ சான்ஸ் தமிழ். திறந்த உரிமத்தில் கிடைப்பது, கோப்புக்குள்ளேயே புதைத்துவிடலாம். வரி இடைவெளியை 1.7-க்குக் குறைத்தால் 'கூ'வின் காலும் அடுத்த வரி 'கீ'யின் கொக்கியும் முட்டிக்கொள்கின்றன. பொத்தானில் நீளமான வாக்கியம் வைக்காதீர்கள். 'தெரியப்படுத்தவேண்டாமென்று' என்று ஒரே சொல்லாக எழுதும் பழக்கம் நமக்கு உண்டு. சின்னக் கைப்பேசித் திரை அதைத் தாங்காது.

இனி, நாங்கள் எதிர்பார்க்காத இடத்தில் வேலை கூடிய கதை.

காட்சிகளை எழுத வேண்டுமானால் அந்த வழியை நடந்து பார்க்க வேண்டும். ஆலோசகர் ஒத்துக்கொண்டார். தமிழ்த் துறை மாணவி, படம் வரையும் மாணவர், நான் மூவரும் வகுப்பறையிலிருந்து புறப்பட்டு, வழியில் கண்ணில் படுவதையெல்லாம் எழுதிக்கொண்டு போனோம். அலுவலக வாசல். கட்டணம் கட்ட நிற்கும் வரிசை. அதில் நிற்கும் எவரும் நிமிர்ந்து பார்த்தால் ஆலோசனை அறை வாசல் தெரியும். உள்ளே நுழைந்ததும் ஒரு சின்ன மேசை. அதன்மேல் ஒரு லாங் சைஸ் நோட்டு, நூலில் கட்டிய பேனா. கோடு போட்ட கட்டங்கள்: வரிசை எண், நாள், பெயர், வகுப்பு, பதிவு எண், வந்த காரணம், கையொப்பம். 'வந்த காரணம்' என்பதன் கீழ் முந்தைய வரிகளில் 'வகுப்பாசிரியர் அனுப்பினார்', 'தேர்வு பயம்', 'தனிப்பட்டது' என்று மூன்று கையெழுத்துகள். அவற்றின் இடப்பக்கம் பெயர்கள். மாணவி பக்கத்தைப் புரட்டவில்லை, புரட்ட வேண்டிய தேவையே இல்லை. திறந்திருந்த பக்கத்திலேயே தன் விடுதித் தோழி ஒருத்தியின் பெயரைப் பார்த்துவிட்டு, "சார், இதை நான் பார்த்திருக்கக் கூடாது" என்றார்.

ஆலோசகரைக் குறை சொல்ல முடியாது. கல்லூரிகளுக்குத் தரமதிப்பீடு செய்யும் நாக் குழு வரும்போது சேவை நடந்ததற்கு ஆவணம் வேண்டும், அலுவலகம் கேட்கிறது, நோட்டு வைத்திருக்கிறார். அந்த மேசையை அப்படியே கேமில் வைத்தோம். சோதனைக்கு ஆடிப் பார்த்தவர்கள் பெரும்பாலும் நின்ற இடம் அதுதான். நான் பின்னால் உட்கார்ந்து விரல் எங்கே தயங்குகிறது என்று மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன். அலுவலக வரிசையைக் கடந்து வந்தார்கள், கதவைத் தட்டினார்கள், நோட்டைக் கண்டதும் 'திரும்பிப் போ' என்பதைத் தொட்டார்கள். இதை ஆலோசகருக்குக் காட்டியபோது நோட்டை எடுத்து இழுப்பறையில் வைத்தார். இப்போது ஒவ்வொருவருக்கும் தனித் தாள், மேலே ஓர் எண். பெயரையும் எண்ணையும் இணைக்கும் பட்டியல் அவரது பூட்டிய அலமாரியில். அலுவலகத்துக்கு மாத இறுதியில் எண்ணிக்கை மட்டும் போகிறது. அதன் பிறகு கேமிலும் அந்தக் காட்சியைத் திருத்தினோம்: மேசையில் நோட்டு இல்லை, ஒரு தண்ணீர்ப் பாட்டில் இருக்கிறது.

நேரமும் அப்படித்தான் வெளிப்பட்டது. அறை திறந்திருப்பது காலை 10 முதல் மாலை 4 வரை. வகுப்பு நேரமும் ஏறக்குறைய அதுவே. பேச்சிப்பாறை, களியல் பக்கத்திலிருந்து வருபவர்கள் வகுப்பு முடிந்ததும் பஸ்ஸுக்கு ஓடுவார்கள். அதை விட்டால் அடுத்ததற்கு எவ்வளவு நேரம் நிற்பதென்று அவர்களுக்குத்தான் தெரியும். கதையில் ஒரு பாத்திரத்தை வகுப்பை விடாமல் ஆலோசகரிடம் அனுப்ப முயன்றோம். வழியே இல்லை. எந்தக் கிளையில் போனாலும் வருகைப்பதிவு போகிறது. கிளைப்படத்தை அச்செடுத்து முதல்வரிடம் கொண்டுபோனோம். வாய்வார்த்தையாகச் சொல்லியிருந்தால் ஆகட்டும் பார்க்கலாம் என்றிருப்பார். அம்புக்குறிகள் எல்லாம் 'ஆப்சென்ட்' என்ற பெட்டியில் போய் முட்டுவதைப் பார்த்ததும் மதிய இடைவேளையையும் ஆலோசனை நேரத்தில் சேர்த்தார். ஆலோசகர் தன் சாப்பாட்டு நேரத்தை மாற்றிக்கொண்டார். அதற்கு யாரும் அவருக்கு நன்றி சொன்னதாகத் தெரியவில்லை, இங்கே நான் சொல்லி வைக்கிறேன்.

பாத்திரங்கள் மூன்று.

முதலாமவன் குலசேகரம் பக்கத்துப் பையன். அப்பாவுக்கு முதுகுவலி வந்த பிறகு பால்வெட்டு அவன் கையில். ரப்பர் மரத்தில் விடியலுக்கு முந்தைய குளிர்ச்சியில்தான் பால் நன்றாக இறங்கும். வெயில் ஏற ஏறக் குறைந்துவிடும். எனவே தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு இருட்டில் போய், பட்டையைச் சீவி, பிறகு சிரட்டைகளிலிருந்து பாலை எடுத்து, ஆசிட் சேர்த்து ரப்பர் ஷீட் அடிக்கக் கொடுத்துவிட்டுக் கல்லூரிக்கு வருகிறான். இரண்டாவது பீரியடில் தூங்குகிறான். ஆசிரியர், "இப்படியே போனால் உன்னை ஆலோசகரிடம் அனுப்புவேன்" என்கிறார். ஆலோசனையைத் தண்டனையாக மாற்றிவிடும் இந்த ஒற்றை வாக்கியம் எல்லாக் கல்லூரிகளிலும் புழங்குவது. இந்தப் பாத்திரத்தை எழுதியவன் எங்கள் குழுவிலேயே ஒருவன். அதனால் ஷீட், சிரட்டை எல்லாம் தானாக வந்து விழுந்தன. அவன் சேர்த்த ஒரு காட்சி எனக்குப் பிடித்தது. மழை பெய்கிறது, வெட்டு இல்லை, பையன் நன்றாகத் தூங்கி எழுந்து வகுப்புக்கு வருகிறான். ஆசிரியர் பாராட்டுகிறார். வீட்டில் அன்றைக்கு வருமானம் இல்லை.

இரண்டாமவள் தூத்தூர் கடற்கரைப் பெண். முதல் வரைவில் அவளுடைய அப்பா தங்குகடலில் (பல நாள் கடலிலேயே தங்கி மீன் பிடிப்பது) இருக்கிறார், புயல் எச்சரிக்கை வருகிறது, அவளால் படிக்க முடியவில்லை என்று எழுதியிருந்தார்கள். 2017 நவம்பர் 30-இல் அடித்த ஒக்கிப் புயலை இந்த மாவட்டத்தில் யாரும் மறக்கவில்லை, அதனால் அந்தக் கதை இயல்பாகத்தான் தோன்றியது. ஆடிப் பார்க்க வந்த கடற்கரை மாணவி ஒருத்தி பாதியில் நிறுத்திவிட்டுக் கேட்டார்: "கடற்கரை என்றாலே புயல்தானா சார்? எங்களுக்கு வேறு கவலையே கிடையாதா?" அவருக்கு இருந்த கவலை என்ன என்று கேட்டோம். வகுப்பில் வாய் திறந்தால் அவருடைய பேச்சை அப்படியே திருப்பிச் சொல்லிச் சிரிக்கிறார்கள். அதனால் சாப்பாட்டு நேரத்தில் தனியே உட்காருகிறார். செமினார் நாளில் லீவு போடுகிறார்.

புயலை எடுத்துவிட்டு இதை வைத்தோம். இங்கே கேம் போகும் வழியும் மாறியது. அவள் ஆலோசகரிடம் போகலாம், அது அவளுக்கு ஆறுதலாக இருக்கும்; ஆனால் மாற வேண்டியது அவள் அல்ல. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2009-ஆம் ஆண்டு ராகிங் தடுப்பு விதிகளில் சொல்லாலோ எழுத்தாலோ ஒரு மாணவரைக் கேலி செய்வதும் அடக்கம். 2016-இல் செய்த திருத்தம் பிறந்த இடம், வசிக்கும் இடம், மொழி அடையாளம், பொருளாதாரப் பின்னணி ஆகியவற்றை வைத்து ஒதுக்குவதையும் துன்புறுத்துவதையும் பெயர் சொல்லியே சேர்த்திருக்கிறது. ராகிங் என்றால் விடுதியில் நள்ளிரவில் எழுப்பி ஆட வைப்பது என்று நினைத்துக்கொண்டிருந்த மாணவர்கள் இந்தக் கிளையில்தான் அதிக நேரம் நின்றார்கள். கூடவே ஒரு சங்கடமும்: சிரித்தவர்களில் சிலரும் ஆடிப் பார்த்தார்கள். அவர்களுக்கென்று ஒரு கிளை வேண்டும் என்று தமிழ்த் துறை மாணவி சொன்னார். உன் நண்பன் ஒரு மாணவியின் பேச்சைப் பகடி செய்கிறான், நீ சிரிக்கிறாயா, பேச்சை மாற்றுகிறாயா, நிறுத்தச் சொல்கிறாயா? பேச்சை மாற்றுவதைத்தான் பலரும் தேர்ந்தெடுக்கிறார்கள். அதைக் குறை சொல்லாமல் கதை தொடர்கிறது.

மூன்றாமவள் இறுதியாண்டு. தூக்கம் இல்லை, காரணம் பணம். அவளை ஆலோசகர் முன் உட்கார வைத்து மூச்சுப் பயிற்சி சொல்லிக்கொடுத்தால் அது அநியாயம். அந்தக் கிளை உதவித்தொகைப் பிரிவுக்குப் போகிறது. தமிழக அரசின் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் அவளுக்கு வர வேண்டியது, வங்கிக் கணக்கு ஆதாருடன் இணையாததால் நிற்கிறது. சரிசெய்யும் வழியைக் கதை காட்டுகிறது. பையன்களுக்கு அதே போன்ற தமிழ்ப் புதல்வன் திட்டம் இருப்பதையும் அதே மேசையில் சொல்லிவிடுகிறோம்.

இரகசியத்தைப் பற்றிய காட்சியை எழுதுவதுதான் மிகக் கடினமாக இருந்தது. மாணவர்களுக்குப் பிடித்த வரைவு: 'இங்கே சொல்வது எதுவும் வெளியே போகாது.' கேட்க நன்றாக இருக்கிறது, உண்மை இல்லை. 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 23-ஆம் பிரிவு சிகிச்சை பெறுபவரின் தகவலைக் காக்கும் உரிமையைத் தருகிறது. உயிருக்கு ஆபத்து, பிறருக்குத் தீங்கு, நீதிமன்ற ஆணை போன்ற விலக்குகளையும் அதே பிரிவு வைத்திருக்கிறது. எங்கள் ஆலோசகரும் அந்தக் கோட்டில்தான் வேலை செய்கிறார். இன்னொன்று: முதலாண்டில் 17 வயதுப் பிள்ளைகள் பலர் இருக்கிறார்கள். 18 வயதுக்குக் கீழ் உள்ளவர்மீது பாலியல் குற்றம் நடந்தது தெரிந்தால் போக்சோ சட்டப்படி (2012) புகார் தெரிவித்தே ஆக வேண்டும். ஆலோசகர் விரும்பினாலும் மறைக்க முடியாது. இதைச் சொல்லாமல் மாணவியைப் பேச வைத்துவிட்டுப் பிறகு போலீஸுக்குச் சொன்னால், அந்தப் பெண் வாழ்நாளில் இன்னொரு கதவைத் தட்டமாட்டாள்.

ஆலோசகர் தன் அறையில் உண்மையில் சொல்வதைச் சொல்லிக்காட்டச் சொன்னோம். தமிழ்த் துறை மாணவி எழுதிக்கொண்டார். ஏறக்குறைய அப்படியே கேமில் இருக்கிறது: "நீ சொல்வதை உன் வகுப்பாசிரியரிடமும் வீட்டிலும் நான் சொல்லமாட்டேன், மக்களே. மூன்று இடத்தில் மட்டும் என்னால் வாயை மூடிக்கொண்டு இருக்க முடியாது. உன் உயிருக்கு ஆபத்து என்று எனக்குப் பட்டால். உன்னால் இன்னொருவருக்கு ஆபத்து என்றால். 18 வயதுக்குக் கீழ் உள்ள பிள்ளைக்குத் தீங்கு நடந்தால். அப்போதும் யாரிடம், என்ன சொல்லப் போகிறேன் என்பதை முதலில் உன்னிடம் சொல்லிவிடுவேன்." இதைப் படித்த மாணவர்கள் பயப்படுவார்கள் என்று நிர்வாகத்தில் சிலர் எண்ணினார்கள். ஆடிப் பார்த்தவர்கள் சொன்னது நேர்மாறு. விலக்கைச் சொல்லிவிட்டதால்தான் மீதியை நம்ப முடிந்ததாம்.

அடுத்து ஆலோசகர், "சாக வேண்டும் என்று தோன்றியிருக்கிறதா?" என்று நேராகக் கேட்கும் இடம். கேட்டால் அந்த எண்ணத்தை விதைத்துவிடாதா என்று தயங்கியவர்கள் ஆசிரியர்கள்தான். அது தவறான நம்பிக்கை என்று உலகச் சுகாதார நிறுவனமே சொல்கிறது. நேராகக் கேட்பது பேச வழிவிடும். அந்தக் கேள்வி இருக்கிறது. ஆனால் எந்த முறை, எந்த இடம் என்பது எங்கும் வராது. முயற்சிக் காட்சியும் இல்லை. மூலையில் முழங்காலைக் கட்டிக்கொண்டு அழும் இருட்டு உருவத்தைப் படம் வரையும் மாணவர் ஆசையாக வரைந்து வந்தார். எடுத்துவிடச் சொன்னேன். அவருக்கு வருத்தம்தான். பிறகு பஸ் ஜன்னல், கேன்டீன் மேசை, மழையில் நனைந்த படிக்கட்டு என்று வரைந்தவை எனக்கு அதைவிடப் பிடித்தன.

மருந்தோ மருத்துவரோ தேவைப்படும் கிளை ஆசாரிபள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குப் போகிறது. புற நோயாளிச் சீட்டு வாங்கும் இடம், காத்திருப்பு, கூட யார் வரலாம் என்பதெல்லாம் காட்சியாக உண்டு. பெண் பாத்திரம் போனால் டவுன் பஸ்ஸில் கட்டணம் இல்லை. அந்தச் சின்ன விவரத்துக்காக ஒரு மாணவி நன்றி சொன்னார். இரவில் யாரும் இல்லாத நேரத்துக்கு 14416. 2022 அக்டோபர் 10 முதல் இயங்கும் டெலி மானஸ், 24 மணி நேரமும், கட்டணமின்றி, தமிழிலும். எந்தக் காட்சியில் இருந்தாலும் திரையின் அடியில் அந்த எண் இருக்கும். தொட்டால் கைப்பேசியின் அழைப்புத் திரை திறக்கும்.

ஒரு தொழில்நுட்ப வேடிக்கை. குலசேகரம் பையன் நண்பனுக்கு வாட்ஸ்அப்பில் 'கொஞ்சம் பேச வேண்டும்' என்று தட்டிவிட்டு, அனுப்பாமல் அழிக்கும் காட்சி இருக்கிறது. எழுத்து எழுத்தாகத் தோன்றும்படி நிரல் எழுதினான் ஐ.டி. மாணவன். ஆங்கிலத்தில் பழகிய முறையில் குறியீடு குறியீடாக விட்டதால், முதலில் 'க' வந்து, அது சட்டென்று 'கொ' ஆகி, கொம்பு முளைத்து வரி முழுவதும் வலப்பக்கம் குதித்தது. எழுத்துத் தொகுதிகளாகப் பிரித்துத் தரும் வசதி உலாவிகளிலேயே இருக்கிறது. குரோமில் 2020 முதல், ஃபயர்பாக்ஸில் 2024 முதல். அதைப் பயன்படுத்தியதும் 'கொ' முழுதாக வந்தது. அழிக்கும்போதும் அதையே போட்டான். பார்த்தவர்கள் எல்லோரும் ஏதோ சரியில்லை என்றார்கள். தமிழ் விசைப்பலகையில் பின்னழிப்பு விசையைத் தட்டினால் 'கொ' ஒரேயடியாகப் போகாது, கொம்பும் காலும் போய் 'க' மிஞ்சும். நம் கண் அதற்குப் பழகியிருக்கிறது. எனவே தோன்றும்போது தொகுதியாக, அழியும்போது குறியீடாக. தட்டச்சு விளைவை மற்ற எல்லாக் காட்சிகளிலிருந்தும் நீக்கிவிட்டோம். படிக்கிறவரைக் காக்க வைப்பது எதற்கு?

ஒலி வைக்கவில்லை. பஸ்ஸில் ஆடுவார்கள்.

கேம் உருவாகி வரும்போதே, எந்த மாணவர் எதைத் தேர்ந்தெடுத்தார் என்ற பட்டியல் கிடைக்குமா என்ற கேள்வி மேலிருந்து வந்தது. கவலைக்குரிய மாணவர்களை முன்கூட்டியே கண்டுபிடிக்கலாம் என்ற நல்லெண்ணம்தான். மறுத்துவிட்டேன். நோட்டை இழுப்பறைக்குள் வைத்துவிட்டு அதைவிடப் பெரிய நோட்டைக் கைப்பேசிக்குள் திறப்பதாகிவிடும். உள்நுழைவு இல்லை, பெயர் கேட்பதில்லை, கணக்கெடுப்பு நிரல் இல்லை. ட்வைனில் நாங்கள் எடுத்துக்கொண்ட சுகர்க்யூப் வடிவம் வழக்கமாக ஆட்டத்தின் வரலாற்றை நினைவில் வைத்து, பின்னே போகும் பொத்தான் தரும். ஆய்வகக் கணினியில் அடுத்து உட்காருபவர் முன்னவரின் தேர்வுகளைப் பின்னோக்கிப் பார்க்க முடியும். வரலாற்று நிலைகளை ஒன்றாகக் குறைத்து, பக்கப்பட்டையையும் சேமிப்பு வசதியையும் அணைத்தோம். மேல் மூலையில் 'சட்டென மூடு' என்று ஒரு பொத்தான். தொட்டால் மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்தின் இணையதளம் திறக்கும். எங்கள் மாணவன் ஒருவன் அதை உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தால் ரிசல்ட் பார்க்கிறான் என்று நினைப்பார்களே தவிர யாரும் சந்தேகப்படமாட்டார்கள். சாதாரண இணைப்பாக வைத்தால் பின்விசையில் கேம் திரும்ப வந்துவிடும். பக்கத்தை மாற்றீடு செய்யும் ஜாவாஸ்கிரிப்ட் கட்டளையைப் பயன்படுத்த வேண்டும்.

விநியோகத்தில் ஒரு சிக்கல். கோப்பை வாட்ஸ்அப் குழுவில் போட்டபோது சில கைப்பேசிகளில் வெற்றுத் திரை வந்தது. ஆண்ட்ராய்டில் உள்ள எளிய எச்.டி.எம்.எல். காட்டி, பாதுகாப்புக்காக ஜாவாஸ்கிரிப்டை ஓட்டுவதில்லை. குரோமில் திறக்கச் சொல்லி ஒவ்வொருவருக்கும் விளக்குவதைவிட இணையத்தில் ஏற்றிவிடுவது எளிது. கிட்ஹப் என்ற தளத்தில் இணையப் பக்கமாக இலவசமாக ஏற்றி, கியூ.ஆர். குறியீட்டை அச்சடித்து ஒட்டினோம். பலகையில் ஒட்டவில்லை, அங்கே நின்று கைப்பேசியைத் தூக்கிப் பிடிப்பவனை நாலு பேர் பார்ப்பார்கள். கழிவறைக் கதவுகளின் உட்புறத்திலும், நூலக மேசைகளின் ஓரத்திலும், விடுதிச் சாப்பாட்டு அட்டவணைக்குக் கீழேயும் ஒட்டினோம்.

பயன் உண்டா என்று கேட்பவர்களுக்கு என்னிடம் எண் இல்லை, அதை எடுக்காமல் இருப்பதற்குத்தான் மேலே அவ்வளவு பாடு. மதிய இடைவேளையில் அறைக்கு வெளியே இப்போது சில நாள்களில் ஆள் காத்திருக்கிறது என்கிறார் ஆலோசகர். நேரம் மாறியதாலா, நோட்டு போனதாலா, கேமாலா என்று பிரித்துச் சொல்ல முடியாது. பிரிக்க வேண்டிய தேவையும் எனக்குத் தெரியவில்லை.

வேறு கல்லூரியில் இதைச் செய்ய நினைப்பவர்களுக்கு: எங்கள் கதையில் மாற வேண்டிய விவரங்கள் எல்லாம் 'அமைப்பு' என்ற ஒரே பெட்டியில் இருக்கின்றன. அறை எண், திறந்திருக்கும் நேரம், உள் புகார்க் குழுத் தலைவரைச் சந்திக்கும் இடம், அருகிலுள்ள அரசு மருத்துவமனை. ஒவ்வொரு ஜூனிலும் அதைத் திறந்து சரிபார்க்க ஒருவரைப் பொறுப்பாக்குங்கள். மாறிப்போன நேரத்தை நம்பி ஒரு பிள்ளை பூட்டிய கதவு முன் நிற்கக் கூடாது. பாத்திரங்களை மட்டும் அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். உங்கள் ஊரில் ரப்பர் இருக்காது, தறியோ பட்டாசோ செங்கல் சூளையோ இருக்கும். உங்கள் பிள்ளைகளிடம் துண்டுத்தாள் கொடுத்துக் கேளுங்கள். எங்களுக்கு அடுத்து உள்ள வேலை மலையாளப் பதிப்பு. களியக்காவிளைப் பக்கத்து மாணவர்கள் இருவர் எழுதத் தொடங்கியிருக்கிறார்கள். தமிழுக்குப் போட்ட வரி இடைவெளி மலையாளக் கூட்டெழுத்துகளுக்குப் போதுமா என்று பார்த்துக்கொண்டிருக்கிறோம்.